பண்ணைப்புரத்துப் பாவலர்

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தைச் சார்ந்து மலையடிவாரத்தே விளங்கும் சிற்றூர் பண்ணைப்புரம். அவ்வூர்ப் பெயரைக் கேட்ட அளவில் இசையமைப்பாளர் இளையராஜாவை நினையாதார் இலர். அவர்க்கு முன்னரே அவ்வூர்ப் பெயரை மேடைதோறும் கொண்டு சென்றவர் அவர்தம் தமையனார் பாவலர் வரதராசன் ஆவர். அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

வரதராசனார் டேனியல் இராமசாமி என்பாரின் மூத்த மைந்தர். ஆர்மோனியத்தை இசைத்துக்கொண்டே பாடவும், பாடுவதைத் தாமே புனையவும் வல்லவர். பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்து, அதன் கூட்டங்களிற் பாடி ஊர் ஊராகச் சென்றார். மக்கள் நாவில் வழங்கும் திரைப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார். காதல் மொழிகளை நீக்கி, உழைப்பாளர் குறைகளை அம்மெட்டில் அமைப்பார். மெட்டு முன்பே பழகியதாதலின், எழுத்தறியாதாரும் ஒருமுறை கேட்ட அளவில் பொருளுணர்ந்து, வீடு திரும்பும் வழியிலேயே பாடத் தொடங்குவர்.

பிறர் மெட்டில் சொல்லமைத்தல் புலமையாகுமோ என வினவுவார் உளர். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மெட்டிலே பின்வந்தோர் எத்துணைப் பேர் பாடினர்! நம் ஆலயங்களில் வழங்கும் கீர்த்தனைகளிலும் பழைய மெட்டைத் தழுவியன உள. ஆதலின் அக்குறை பாவலரைச் சாராதென்பதே நம் துணிபு.

அவர் பாட்டின் ஆற்றல் விளங்கியது 1958-ஆம் ஆண்டில். 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, போடிக்கு மேலேயுள்ள தேவிகுளம் மலைப்பகுதி, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்திருந்தும், கேரளத்தைச் சேர்ந்தது. மறு ஆண்டு ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அங்கே அரசமைத்தார். 126 இடங்களுள் அவர் கட்சி பெற்றவை 60. சுயேச்சையர் ஐவர் துணையாலேயே ஆட்சி நின்றது. இந்நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாதென நீதிமன்றம் தீர்த்தமையால் இடைத்தேர்தல் வந்தது. ஓரிடமும் இழக்கலாகாத நேரம் அது. பாவலர் மலையேறித் தொழிலாளரிடையே பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். வெற்றிக்குக் காரணம் பாவலர் பாட்டே என்று நம்பூதிரிபாடு பாராட்டினார் என்பது இப்பள்ளத்தாக்கில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி.

தம்பியர் மூவரும் அவர் குழுவிற் பயின்றவரே. இராசையா என்னும் இளையராஜா பதினான்கு வயதளவில் அதிற் சேர்ந்து, குரல் உடையுமளவும் பெண்குரலிற் பாடினார். ஆர்மோனியத்தைத் தம்பியர் தொடலாகாதென்பது தமையனார் கட்டளை. கள்ளத்தனமாகவே அதனைக் கற்றார் இளையவர்! அக்களவை மன்னியாதார் யாவர்?

வங்கத்திலோ நிகழ்ச்சி வேறு வகையாயிற்று. உழவர் போராட்டங்களுக்குப் பாட்டியற்றிய சலீல் சௌதுரி, தாமே வங்கத் திரையுலகம் புகுந்து பெரும்புகழ் எய்தினார். நம் பாவலரோ திரையிலிருந்து மெட்டைப் பெற்றாரேயன்றி, மேடையை விட்டகன்றாரல்லர். சென்னை சென்றவர் தம்பியரே. அங்கே இளையராஜா கித்தார் வாசித்த இசையமைப்பாளருள் அந்தச் சலீல் சௌதுரியும் ஒருவராயினமை வியப்பன்றோ!

பாவலர் 1973-இல் இறந்தார். இளையராஜாவின் முதற்படமாகிய அன்னக்கிளி 1976-இல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்துப் பண்ணைப்புரத்தின் இசை நாடெங்கும் ஒலித்தபோது, அதனைக் கேட்கத் தமையனார் இலர். 1981-இல் அலைகள் ஓய்வதில்லை என்னும் படத்தைத் தயாரித்த தம்பி பாஸ்கர், தம் நிறுவனத்திற்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்றே பெயரிட்டிருந்தார்.