விளையாட நேரமில்லாத சிறுவன்

டிஸ்னிலாந்து என்ற பெயரைக் கேட்டுக் கண் மலராத குழந்தை நம் வீடுகளில் இல்லை. மிக்கி மௌஸ் என்னும் சுண்டெலியோ அவர்களுக்குச் சொந்தக்காரனைப் போல. ஆனால் அந்தப் பூங்காவைக் கட்டிய வால்ட் டிஸ்னியின் பாலப்பிராயத்தில் விளையாட்டுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைப் பெற்றோரில் அநேகர் அறியார்.

அவர் 1901-ம் வருடம் டிசம்பர் 5-ந் தேதி அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் பிறந்தார். தகப்பனார் எலையாஸ் தச்சுவேலை தெரிந்தவர். 1893-ல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டட வேலையில் உழைத்தவர். நான்கு ஆண்மக்களில் வால்ட் கடைசி. அவருக்குப் பின் ஒரு தங்கை. 1906-ல் குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்சலீன் என்ற சிற்றூரில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறிற்று. ஆப்பிள் மரங்கள், பன்றிகள், ஊர் வழியே புகைவிட்டுப் போகும் ரயில் வண்டி, இவையே சிறுவனின் உலகம். சித்தப்பாவின் மனைவி வரும்போதெல்லாம் படம் வரையத் தாளும் பென்சிலும் கொண்டு வந்து கொடுப்பார். பக்கத்திலிருந்த முதிய மருத்துவர் ஒருவர் தம்முடைய குதிரையை வரையச் சொல்லி, கையில் ஒரு காசும் கொடுத்தார். படம் அப்படியொன்றும் நன்றாய் வந்திராது. ஆயினும் அந்தக் காசை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அந்த இன்பம் நாலைந்து வருடங்களே நிலைத்தது. தகப்பனார் நோயில் விழுந்தார், பண்ணை விற்கப்பட்டது. 1911-ல் கான்சாஸ் சிட்டி நகரத்துக்கு வந்து, வீடு வீடாகப் பத்திரிகை போடும் உரிமையை எலையாஸ் விலைக்கு வாங்கினார். அந்த வேலை வால்ட் தலையிலும் அண்ணன் ராய் தலையிலும் விழுந்தது. பத்து வயது நிரம்பாத பிள்ளை, விடியுமுன் எழுந்து, பனிக் குவியலில் இடுப்பளவு புதைந்து பத்திரிகை போட்டான். தகப்பனார் கூலி கொடுக்கவில்லை. ஆறு வருடங்கள் இவ்விதம் நடந்தது. ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போட மறந்துவிட்டதாகக் கனவு கண்டு திடுக்கிட்டு விழிக்கும் பழக்கம், பிற்காலத்தில் கோடீசுவரரான பின்பும் அவரை விடவில்லை.

எலையாஸைக் கல்நெஞ்சர் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். எடுத்த தொழில் ஒவ்வொன்றிலும் கை நஷ்டப்பட்டு, பயத்தோடே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். ஆனால் விளையாட்டு வீண் என்று எண்ணினார்.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இரவில் திண்ணையில் விட்டுப்போன பொம்மைகள் இருக்கும். விடியுமுன் அங்கு வரும் வால்ட், சற்று நேரம் உட்கார்ந்து அவற்றோடு விளையாடிவிட்டு, இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டுப் போவான். நகரத்து வேடிக்கைப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் எரிவதையும் தங்கையோடு வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். 1917 ஜனவரியில் பத்திரிகைப் பையன்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு மௌனப் படம் காட்டினார்கள். ‘ஸ்னோ ஒயிட்’ என்னும் இளவரசியின் கதை. பெரிய மண்டபத்தில் நான்கு திரைகளில் அது ஓடிற்று. அவன் அமர்ந்த இடத்திலிருந்து இரண்டு திரைகள் தெரிந்தன. இருபது வருடம் சென்று, 1937 டிசம்பரில், அதே கதையை அவர் முழுநீளச் சித்திரப் படமாக வெளியிட்டார்.

அதற்குள் 1923-ல் ஹாலிவுட் சென்று ராயோடு கூட்டாகத் தொழில் தொடங்கியதும், 1928-ல் மிக்கி மௌஸ் பிறந்ததும் யாவரும் அறிந்ததே. பணம் வந்ததும் மகன்கள் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கித் தந்தார்கள். அந்த வீட்டிலேயே, 1938 நவம்பரில், குளிர்காயும் அடுப்பின் பழுதால் விஷவாயு பரவித் தாயார் இறந்தார். இதைப் பற்றி வால்ட் வாய் திறப்பதே அபூர்வம். தகப்பனாரிடம் கண்ட கடினமும் அவரிடம் இல்லாமலில்லை. 1941-ல் தம் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததை அவர் மன்னித்தாரென்று சொல்வதற்கில்லை.

ஆனால் தம் இரு மகள்கள் விஷயத்தில் வேறு மனிதர். வாரத்தில் ஒரு நாள் அப்பாவின் நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப் போவார். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள்; இவர் பெஞ்சியில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கத்தக்க இடம் ஒன்று ஏன் இருக்கலாகாது என்ற எண்ணம் அங்கேதான் உதித்தது. பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மார் நம்மிலும் உண்டல்லவா?

வேடிக்கைப் பூங்கா என்றாலே அழுக்கும் கூச்சலும்தானே என்று மனைவியார் தடுத்தார். பணம் கொடுப்போரும் தயங்கினார்கள். ஆயுள் இன்ஷூரன்சின் மேல் கடன் வாங்கினார் வால்ட். அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கி, ஒரே வருடத்தில், 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் கட்டிய டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17-ந் தேதி திறக்கப்பட்டது. அன்று ஒரே அமளி. கள்ள டிக்கெட்டோடு கூட்டம் நுழைந்தது. வெயிலில் புதுத் தார் இளகிற்று. குடிதண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. ஆனால் பத்தாண்டுகளில் ஐந்து கோடிப் பேர் வந்து போயினர். வாசலைக் கடந்ததும் எதிர்ப்படும் தெரு பழைய மார்சலீனை நினைவூட்டுவது. பூங்காவைச் சுற்றி ஓடுவது ஒரு ரயில். அந்தத் தெருவிலேயே தீயணைப்பு நிலையத்தின் மாடியில் தமக்கென்று ஓர் அறை வைத்துக்கொண்டு, சன்னலருகே நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இளவயது முதல் விடாமல் சிகரெட் பிடித்த அவர், 1966 டிசம்பர் 15-ந் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 65. ஃபுளோரிடாவில் அதனினும் பெரிய பூங்காவுக்கு அவர் நிலம் வாங்கியிருந்தார். ஓய்வெடுக்க எண்ணியிருந்த ராய், அதை ஒத்திப்போட்டுத் தம்பியின் வேலையை முடித்து, 1971 அக்டோபரில் திறந்து வைத்தார். வெறும் டிஸ்னி என்றல்ல, ‘வால்ட் டிஸ்னி உலகம்’ என்றே பெயரிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவ்வருடம் டிசம்பரில் அவரும் இறந்தார்.