உலோகத்தின் உள்ளே பார்த்தவர்

சில மாதங்களுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவர், தாம் பணியாற்றும் தொழிற்கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். பொருளாதாரம் படித்தவர் அவர். இப்போது உலோகப் பாகங்களை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கையும் கொள்முதலையும் கவனித்து வருகிறார். மேசைமீதிருந்த டைட்டானியம் பாகம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பார்வைக்கு மாசு மருவற்றதாக இருந்தது. ஆனால், அது கழிக்கப்பட்ட பாகம் என்றார். காரணத்தைக் கணினித் திரையில் காட்டினார். ஊடுகதிர் கொண்டு எடுக்கப்பட்ட குறுக்குவெட்டுப் படத்தில், கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கருநிறக் கீற்று ஒன்று தெரிந்தது. அந்த இடத்தில் உலோகத்தூள் சரியாக உருகி ஒட்டவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கீற்றே நினைவில் நின்றது. உடைக்காமல், அறுக்காமல், உலோகத்தின் உள்ளே உறையும் குறையை ஊடுகதிரால் முதலில் படம்பிடித்தவர் யார் என்று தேடினால், நமக்கு நன்கு அறிமுகமான பெயரே கிடைக்கிறது: வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜென். எலும்பு முறிவோடும் மருத்துவமனையோடும் மட்டுமே நாம் இணைத்துப் பேசும் அவர், தமது முதல் கட்டுரையிலேயே உலோகத்தையும் பேசியிருக்கிறார். அவருடைய வாழ்க்கையை ஒரு பொருளாதார ஆசிரியனின் கண்கொண்டு பார்க்கும்போது, இன்றைய தொழில் உலகுக்கு அதில் ஒரு செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ராண்ட்ஜென் 1845 மார்ச் 27 அன்று ஜெர்மனியின் லென்னெப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை துணி வணிகர். தாயின் பூர்விகம் நெதர்லாந்து. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது குடும்பம் நெதர்லாந்தின் அபெல்டோர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் உட்ரெக்ட் நகரிலிருந்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்வின் முதல் அடி விழுந்தது. ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்யும் சித்திரத்தை வேறொரு மாணவர் வரைந்தார். பழி ராண்ட்ஜென்மீது விழுந்தது. வரைந்தவரின் பெயரைச் சொல்ல அவர் மறுத்தார்; பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்.

பிறர் குறையைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகத் தண்டனை பெற்ற அந்தச் சிறுவனே, பிற்காலத்தில் எப்பொருளின் உட்குறையையும் காட்டிக்கொடுக்கும் கருவியை உலகுக்கு வழங்கினார் என்பது வரலாற்றின் விந்தை.

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்தன. சூரிச் நகரின் பல்தொழில் கல்லூரி மட்டும் நுழைவுத் தகுதியைத் தானே சோதித்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1865-இல் அங்கு இயந்திரப் பொறியியல் பயிலச் சேர்ந்தார். 1869-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இயற்பியலாளர் ஆகுஸ்ட் குண்ட் அவரைத் தம் உதவியாளராக்கிக்கொண்டார். குண்டுடன் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சென்றபோது பழைய வடு மீண்டும் குறுக்கிட்டது. முறையான பள்ளிக் கல்விச் சான்று இல்லை என்பதால் கற்பிக்கும் தகுதி அவருக்கு மறுக்கப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகமே 1874-இல் அத்தகுதியை வழங்கியது. மறுத்த அதே வூர்ஸ்பர்க், 1888-இல் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1894-இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். தகுதியைச் சான்றிதழில் மட்டுமே தேடும் நிறுவனங்களுக்கு இது ஒரு பாடம்.

1895 நவம்பர் 8 மாலை. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயினூடே மின்சாரத்தைச் செலுத்தி ஆய்வு செய்துகொண்டிருந்தார் ராண்ட்ஜென். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார்; அறை இருட்டு. ஆயினும், சற்றுத் தொலைவில் வைத்திருந்த, பேரியம் சேர்மம் பூசிய திரை ஒளிர்ந்தது. அட்டையைத் துளைத்துக்கொண்டு ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்பதை உணர்ந்தார். உடனே ஊருக்குச் சொல்லிவிடவில்லை. ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆய்வகத்திலேயே அடைந்து கிடந்து, மீண்டும் மீண்டும் சோதித்தார். டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் மோதிரமும் தெரிந்த அந்தப் படத்தை உலகமே அறியும். டிசம்பர் 28 அன்று தமது முதல் கட்டுரையை வூர்ஸ்பர்க் இயற்பியல்-மருத்துவக் கழகத்திடம் ஒப்படைத்தார். கதிரின் இயல்பு தெரியாததால் அதற்கு எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். தெரியாததைத் தெரியாது என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை அது.

அக்கட்டுரையில் பலரும் கவனிக்காமல் கடந்து செல்லும் செய்தி ஒன்று உண்டு. தாம் எடுத்த நிழற்படங்களின் பட்டியலில், உள்ளமைப்பில் சீரின்மை புலப்படும் ஓர் உலோகத் துண்டையும் ராண்ட்ஜென் குறிப்பிடுகிறார். 1896-இல் தமது இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியைத் தோட்டாக்களுடன் படமெடுத்தார். குழாயின் எஃகினுள் இருந்த குறைகள் அதில் தெளிவாகத் தெரிந்ததை 1897-இல் வெளியான மூன்றாவது கட்டுரையில் பதிவு செய்தார். இன்று தொழிற்சாலைகளில் நடக்கும் ஊடுகதிர்ச் சோதனையின் வித்து அந்தத் துப்பாக்கிப் படம்தான். தம் கருவியின் எல்லையையும் அவர் மறைக்கவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத் தகடே கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடுகிறது என்று முதல் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்.

இனிதான் ஒரு பொருளாதார ஆசிரியனை வியக்கவைக்கும் பகுதி வருகிறது. சில வாரங்களில் உலகப் புகழ் பெற்றுவிட்ட அந்தக் கண்டுபிடிப்புக்கு ராண்ட்ஜென் காப்புரிமை பெறவில்லை. பெற்றிருந்தால் பெரும் செல்வந்தராகியிருக்கலாம். அறிவியலின் பயன் அனைவருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. பவேரிய அரசு அளித்த விருதை ஏற்றார். அதனுடன் வந்த பிரபுப் பட்டத்தை மறுத்தார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகையை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிக்கு அளித்தார்.

அந்தக் கொடையின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லாததால் உலகெங்கும் ஆய்வகங்கள் கதிரைக் கையிலெடுத்தன. 1913-இல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ், ஆற்றல் மிக்க, நிலையாக இயங்கும் புதிய ஊடுகதிர்க் குழாயை உருவாக்கினார். 1922-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஹோரஸ் லெஸ்டர், எஃகு வார்ப்புகளை ஊடுகதிரால் சோதிக்கும் கூடத்தை நிறுவினார். 1930-களின் தொடக்கத்தில், பற்றவைத்து உருவாக்கிய அழுத்தக் கலன்களை ஊடுகதிர்ச் சோதனையின்பேரில் ஏற்கலாம் என்று அமெரிக்கக் கொதிகலன் விதிகள் வகை செய்தன.

இதன் பொருளாதார உட்பொருளை என் வகுப்புகளில் வேறொரு கோணத்தில் கற்பித்திருக்கிறேன். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குக் குறை தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல பொருளை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையைவிட்டு விலகுவார். கடைசியில் குறையுள்ளவை மட்டுமே மிஞ்சும். இக்கருத்துக்கு 2001-இல், ராண்ட்ஜென் பரிசு பெற்றுச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அகர்லாஃபுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உலோக வார்ப்பின் நிலை பழைய காரைவிடச் சிக்கலானது. உள்ளே இருக்கும் குறை வாங்குபவருக்கு மட்டுமல்ல, செய்தவருக்கே தெரியாது. அந்த இருட்டை விலக்கியதால் ஊடுகதிர், பாதுகாப்புக் கருவியாக மட்டுமன்றி, நாணயமான உற்பத்தியாளரைச் சந்தையில் தக்கவைக்கும் கருவியாகவும் ஆயிற்று.

இந்தப் பழைய சிக்கல் இப்போது புது வடிவில் திரும்பி வந்திருக்கிறது. உலோக முப்பரிமாண அச்சில், ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு கனத்துக்கு உலோகத்தூளைப் பரப்பி, லேசர் கதிரால் வேண்டிய இடத்தில் மட்டும் உருக்கி, அடுக்கடுக்காகப் பாகத்தை எழுப்புகிறார்கள். 40 மைக்ரான் அடுக்கு என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பாகத்துக்கு 2,500 அடுக்குகள். லேசரின் ஆற்றல் குறைந்தால் அடுக்குகளுக்கிடையே தூள் உருகாமல் தங்கிவிடும். மிகுந்தால் உலோகம் ஆவியாகிக் குழி விழுந்து, அது மூடும்போது குமிழி சிறைப்படும். வேகமாகக் குளிர்வதால் விரிசல் விழலாம். மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் பாகத்தில், இத்தகைய சிறு குறையின் விளிம்பிலிருந்துதான் முறிவு தொடங்குகிறது.

நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை இயந்திரத்தை இஸ்ரோ அச்சு முறையில் உருவாக்கி, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 வினாடிகள் இயக்கிச் சோதித்தது. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமாயிற்று. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப் போயின. 565 கிலோ மூலப்பொருளுக்குப் பதிலாக 13.7 கிலோ உலோகத்தூளே போதுமானதாயிற்று. வியக்கத்தக்க சிக்கனம் இது. ஆனால், இதில் சோதனையாளருக்கு ஒரு சவாலும் அடங்கியிருக்கிறது. இணைப்புகள் இருந்தவரை, கதிரை எங்கே முதலில் செலுத்தவேண்டும் என்பது தெரியும். அச்சிட்ட பாகமோ ஒருவகையில் முழுவதுமே பற்றவைப்புதான்; குறை எங்கும் இருக்கலாம்.

எனவே, ஒற்றைப் படத்துக்குப் பதிலாகப் பல கோணங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து உட்புறத்தைக் கணினியில் கட்டமைக்கும் சி.டி. ஸ்கேன் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ராண்ட்ஜென் அன்றே குறித்த எல்லை இங்கும் குறுக்கிடுகிறது. கனமான உலோகம் கதிரை விழுங்குகிறது. பாகம் பெரிதாகப் பெரிதாகப் படத்தின் நுண்மை குறைகிறது. மெல்லிய தட்டைப் பிளவு கண்ணுக்குத் தப்பிவிடலாம். அதனால்தான் ஒவ்வோர் அடுக்கையும் அச்சிடும்போதே கேமராவும் உணரிகளும் கண்காணிக்கின்றன. பாகத்தோடு சேர்த்து அச்சிட்ட மாதிரித் துண்டுகளை இழுத்தும் அறுத்தும் பார்க்கிறார்கள். அச்சிடும் செலவோடு சோதிக்கும் செலவும் போட்டியிடுகிறது என்று என் மாணவர் சொன்னது இதனால்தான்.

அவர் சொன்ன மற்றொரு செய்தியே என்னை அதிகம் சிந்திக்கவைத்தது. எந்த அமைப்பில் எந்தக் குறை வருகிறது, கண்காணிப்புக் கருவியின் எந்த அறிகுறி உண்மையான குறையைக் காட்டுகிறது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே இழப்புப்பட்டுக் கற்றுக்கொள்கிறது. கற்றதைத் தொழில் இரகசியமாகப் பூட்டிவைக்கிறது. தோற்றுப்போன பாகம் குப்பைக்குப் போகிறது. அது தந்த பாடம் அலமாரிக்குள் போகிறது. பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். அம்பத்தூரிலோ கோவையிலோ இரண்டு இயந்திரங்களை வைத்துப் பிழைக்கும் சிறு தொழில்முனைவோர் எப்படித் தாங்குவார்? அவர் பாகம் நல்லதாகவே இருந்தாலும் அதை மெய்ப்பிக்க வழியில்லை என்றால், அகர்லாஃப் சொன்ன சந்தைதான் இங்கும் உருவாகும்.

தனியார் முதலீட்டுக்குப் பலன் வேண்டும் என்பதை மறுப்பவன் அல்லன் நான். காப்புரிமையே கூடாது என்பதும் என் வாதமன்று. ஆனால், பாகத்தைச் செய்யும் உத்தி வேறு; பாகத்தில் குறை இருக்கிறதா என்று அறியும் அறிவு வேறு. முன்னது தனியுடைமையாக இருக்கலாம். பின்னது பொதுவில் இருப்பதே அனைவருக்கும் நல்லது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் கிடைக்கும் குறைப் பதிவுகளேனும் திறந்துவைக்கப்பட வேண்டும். தொழிற்பேட்டைகளில் சிறு நிறுவனங்கள் நியாயமான கட்டணத்தில் பயன்படுத்தும் பொதுச் சோதனைக் கூடங்கள் பெருக வேண்டும்.

ராண்ட்ஜென் குறையே இல்லாத மனிதர் அல்லர். 1914-இல் ஜெர்மனியின் போர்ச் செயல்களை நியாயப்படுத்தி 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். உலோகத்தின் உள்ளே பார்த்தவருக்குத் தம் நாட்டின் உள்ளே இருந்த விரிசல் தெரியாமல் போயிற்று. 1919-இல் மனைவியை இழந்தார். போருக்குப் பிந்தைய பணவீக்கம் அவருடைய சேமிப்பைக் கரைத்தது. 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக் நகரில் குடல் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டின் நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு ஜெர்மன் நாணயம் சரிந்தது. அவர் சேர்த்துவைத்த பணம் அப்படி மதிப்பிழந்து மறைந்தது. விலை வைக்காமல் கொடுத்த அறிவோ இன்றளவும் மதிப்பிழக்கவில்லை.

நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தமிழ்நாட்டின் ஒரு தொழிற்கூடத்தில், ஒரு டைட்டானியம் பாகம் பயன்பாட்டுக்குப் போய் முறிவதற்கு முன்பே கழிக்கப்பட்டிருக்கிறது. அதனால் காப்பாற்றப்பட்டவர் யார் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ராண்ட்ஜென் விட்டுச்சென்ற சொத்து அதுதான். அதில் நமக்கும் பங்குண்டு. அதைப் பூட்டிவைக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கும் கடமையும் உண்டு.