வாசலில் நின்றவர்

எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். சேர்க்கை அன்று அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பிரடெரிக் டக்ளஸைப் பற்றிப் படித்தபோது அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1818-ல் அடிமையாகப் பிறந்தவர் அவர். எஜமானியம்மா எழுத்துச் சொல்லிக்கொடுக்க, எஜமான் தடுத்துவிட்டார். டக்ளஸ் விடவில்லை. தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து வாசிக்கக் கற்றார். கப்பல் பட்டறையில் தச்சர்கள் மரத்தில் போடும் அடையாள எழுத்தைப் பார்த்து எழுதப் பழகினார். நம்ம ஒர்க்‌ஷாப் மார்க்கிங் மாதிரிதான்! 1838-ல் தப்பித்தார். 1847-ல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கி, அடிமைமுறையை எதிர்த்து எழுதினார்.

1865 மார்ச் 4, லிங்கன் இரண்டாம் முறை ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள். மழை பெய்து வாஷிங்டன் வீதியெல்லாம் சேறு. அப்படியும் ஜனத்திரள். அதில் நின்று டக்ளஸும் பார்த்தார். இரவு வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போனபோது, கறுப்பர் என்பதால் காவலர்கள் வாசலில் மறித்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை, உள்ளே சொல்லியனுப்பினார். லிங்கன் வரவேற்றுக் கைகொடுத்து, தன் உரை எப்படியிருந்தது என்று கேட்டார்.

1895-ல் டக்ளஸ் மறைந்தார். நண்பர்களே, ஆண்டு விழாவுக்கு எங்க அப்பா வருகிறார். இந்த முறை கேட்டில் நிற்கவிட மாட்டேன்.