தையற்காரர் மகன் தந்த அகராதி

மாளிகையிலே பிறந்தவரல்ல, மேதைகள் கூடும் மன்றத்தின் செல்லப்பிள்ளையுமல்ல. ஆனாலும், ஆங்கில மொழியின் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஊர் எது, பிறப்பு எப்போது என்று விசாரித்தவர் அவர். பெயர் ஜேம்ஸ் மர்ரே.

ஸ்காட்லாந்தில், டென்ஹோம் என்னும் சிற்றூரில், 1837-இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். 14 வயதிலே பள்ளியை விட்டார். மேலே படிக்க வைக்க வீட்டிலே வசதி இல்லை. பள்ளிதான் நின்றது, படிப்பு நிற்கவில்லை! தாமாகவே பல மொழிகள் கற்றார். 17 வயதில் ஆசிரியரானார். நோயுற்ற மனைவிக்காக இலண்டன் வந்து, வங்கியிலே குமாஸ்தாவாகவும் உழைத்தார்; பிறகு மீண்டும் ஆசிரியரானார்.

1879-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகம், பேரகராதிப் பணியை அவரிடம் ஒப்படைத்தது. வீட்டுத் தோட்டத்திலே இரும்புத் தகட்டுக் கொட்டகை எழுந்தது. அதுதான் அலுவலகம்!

தனியொருவரால் ஆகிற காரியமா? பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படியுங்கள், சொல் வரும் வாக்கியத்தை, நூலின் பெயரோடும் ஆண்டோடும் துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள் என்றார். கூலி கிடையாது, ஆயினும் இலட்சக்கணக்கில் குவிந்தன துண்டுத்தாள்கள். மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த மைனர் என்ற மருத்துவரும் அனுப்பினார். மர்ரேயின் பிள்ளைகள் அவற்றை அகர வரிசையில் அடுக்கினர்.

ஆண்டு வாரியாக வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் வரலாறு தெரியும். இன்று நல்லது, இனியது என்று பொருள்படும் 'நைஸ்', ஒரு காலத்தில் அறிவிலியைக் குறித்த சொல்! கடல் கடந்து போன நம் கட்டுமரமும் சுருட்டும் தமிழ்ச் சொற்களே என்று அந்த அகராதி பதிந்து வைத்திருக்கிறது.

பத்தாண்டில் முடியும் என்பது கணக்கு. ஐந்தாண்டு கழித்து, 1884-இல் முதற்பகுதி வந்தபோது, முதல் எழுத்தே முடிந்தபாடில்லை! அவர் தளரவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் அவருக்கு மதிப்பியல் டாக்டர் பட்டம் அளித்தது 1914-இல்தான். அடுத்த ஆண்டே, பணி நடந்துகொண்டிருக்கையில், மர்ரே மறைந்தார்.

தோழர்கள் தொடர்ந்தனர். 1928-இல் அகராதி நிறைவேறியது: 4,14,825 சொற்கள்!

கல்வி செல்வர் வீட்டுச் சொத்தல்ல என்பதற்கு அந்தத் தையற்காரர் மகன் சான்று. ஊர் பேர் தெரியாதவர் எழுதிய துண்டுத்தாளும் பெரும்பணிக்குச் செங்கல்லாகும் என்பதற்கு, அவர் தந்த அகராதி சான்று.