தங்க இடம் தந்த மருத்துவர் முத்துலட்சுமி

தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் ஒரு தமிழ்ப் பெண் மருத்துவராக வந்து நம்மைப் பரிசோதித்தால், இன்று யாரும் வியப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன் அது பலரால் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

நம்மில் பலரின் பாட்டன், பாட்டி கப்பலேறி வந்த புதுக்கோட்டைச் சீமைதான் அவருக்கும் சொந்த ஊர். 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லிக் காட்டும் பேச்சு முத்துலட்சுமியை இளமையிலேயே துரத்தியது.

அக்கால வழக்கப்படி, வயதுக்கு வந்ததும் அவர் பள்ளிக்குப் போவது நின்றது. தந்தை விடவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1902ஆம் ஆண்டு முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து கல்லூரி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அப்போது ஆண்கள் மட்டுமே படித்தனர். ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதி தந்தார். திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போய் வந்தார் அந்த ஒரே மாணவி.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. ஆனால் அதில் முதலில் நுழைந்தவர்கள் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். சிற்றூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண் அங்கு அபூர்வம். உடல்நலக் குறைவோடும் பணக் கஷ்டத்தோடும் படித்த முத்துலட்சுமி, 1912ஆம் ஆண்டு பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுத் தேறினார். எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், பொதுப்பணிக்குத் தடை சொல்லக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

வீட்டு வாசலில் மூன்று பெண்கள்

1927ஆம் ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் நுழைந்து, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்கான முழுச் சட்டம் 1947ஆம் ஆண்டுதான் நிறைவேறியது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து, 1930ஆம் ஆண்டு பதவியை விட்டு விலகினார்.

அதே காலத்தில் ஒருநாள் மூன்று இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று வந்தவர்கள். நகரில் இருந்த மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டன.

சட்டம் போட்டால் மட்டும் ஒரு பெண் படித்துவிட முடியாது என்பது அன்று கண்ணெதிரே தெரிந்தது. ஊரை விட்டு வந்தவளுக்கு இரவில் தலைசாய்க்க இடம் வேண்டும், ஒருவேளைச் சோறு வேண்டும், துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும். முத்துலட்சுமி மூவரையும் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற எத்தனையோ பெண்கள் அங்கு தங்கிப் படித்து, ஆசிரியைகளாகவும் தாதியராகவும் வெளியேறினர்.

புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை

தங்கை புற்றுநோயால் இறந்ததை அவரால் மறக்க முடியவில்லை. பல ஆண்டுகள் நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்தார் இளம் மருத்துவர் சாந்தா. அவர் கைகளில் அது நாடறிந்த சிகிச்சை, ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. முத்துலட்சுமி 1956ஆம் ஆண்டு பத்ம பூஷண் விருது பெற்றார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி காலமானார்.

சிங்கப்பூர் வரை வந்த பாதை

முத்துலட்சுமி படித்த அதே கல்லூரியில் 1938ஆம் ஆண்டு பட்டம் பெற்ற இன்னொரு பெண், 1940ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவர்தான் கேப்டன் லட்சுமி. 1943ஆம் ஆண்டு இங்கு அமைந்த ஜான்சி ராணிப் படையில் அவர் பின்னால் திரண்டவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி பிடித்தன. அவர்களில் சிலர் தாதிமைப் பயிற்சியும் பெற்றனர்.

இன்று அறிவியலோ பொறியியலோ படிக்க விரும்பும் பெண்ணைக் கல்லூரி வாசலில் யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் தோட்டப்புறத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் நகரத்துக்கு வரும் பெண்ணுக்கு முதல் கவலை பாடம் அல்ல. எங்கே தங்குவது, யாரை நம்புவது என்பதுதான். அப்படி ஒரு பிள்ளை உறவிலோ தெரிந்த வட்டத்திலோ இருந்தால், வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தருவதும் பெரிய உதவிதான். அவ்வை இல்லமும் அப்படித்தான் ஒரு வீட்டில் தொடங்கியது.