சிமெண்டுச் சிற்பி ராம்கிங்கர்

சிமெண்ட், மணல், ஜல்லி என்றால் சிவில் படிக்கிற நமக்கு 1:2:4 கலவைதான் ஞாபகம் வரும். லேபில் கியூப் போட்டு உடைப்போம், ரெக்கார்டு எழுதுவோம், அத்தோடு சரி. ஆனால் சிமெண்டுக் கலவையிலேயே அழியாத சிலைகள் செய்தார் ஒருவர். அவர்தான் ராம்கிங்கர் பைஜ்.

1906இல் வங்காளத்தில் பாங்குரா என்ற ஊரில், முடிதிருத்தும் தொழில் செய்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஊரில் மண் பொம்மை செய்பவர்களைப் பார்த்துப் பார்த்தே கை பழகியது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது தலைவர்களின் படங்களை வரைந்தார். பத்திரிகை ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி அவரது திறமையைக் கண்டு, 1925இல் சாந்திநிகேதனுக்கு வழிகாட்டினார். அங்கே நந்தலால் போஸிடம் படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

வெண்கலம் வார்க்கக் காசு வேண்டுமே, எங்கே போவது? அந்தச் செம்மண் பூமியில் கிடந்த லேட்டரைட் சரளையைச் சிமெண்டோடு கலந்தார். கம்பி கட்டி, கலவையைக் கையால் அள்ளி அதன்மேல் வீசினார். நம்ம கொத்தனார் சுவரில் கலவை அடிக்கிற மாதிரியேதான்! 1938இல் ‘சந்தால் குடும்பம்’ உருவானது. காவடித் தடியில் கூடை கட்டி, பிள்ளையோடும் நாயோடும் பிழைப்புத் தேடிப் போகும் புருஷன் பெண்டாட்டி. ராஜாவுக்கும் சாமிக்கும் வைக்கிற அளவில் கூலிக்காரருக்குச் சிலை! 1956இல், மில் சங்கு கேட்டு ஓடும் பெண்களைச் செய்தார். தில்லி ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் யட்சன், யட்சி கற்சிலைகளும் இவர் செய்தவையே. 1970இல் பத்மபூஷண் கிடைத்தது. 1980இல் மறையும்வரை சாந்திநிகேதனே அவருக்கு வீடு.

இவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவன் நான்தான். முதல் வருஷம் நண்பர்கள் கேட்டபோது, அப்பா காண்டிராக்டர் என்று பொய் சொன்னேன். உண்மையில் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். ஒருநாள் லைப்ரரி புத்தகத்தில் அந்தச் சந்தால் பெண்ணின் படத்தைப் பார்த்தேன். தலையில் சுமையோடு நடக்கிற நடை அப்படியே எங்கம்மா நடை! அன்று ராத்திரி சரியாகத் தூக்கமே வரவில்லை.

பொய் சொன்னதற்கு மன்னிச்சிடுங்க. இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பா அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டப் போகிறேன்.