உலகின் முதல் 'ரோட் டிரிப்': பெர்த்தா பென்ஸ் போன வழியில் நீங்களும் போகலாம்

ஐரோப்பாவில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பாதி நாள் கார்த் தொழிற்சாலை, மீதி நாள் கோட்டை என்று சுற்றும் ஆசை உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையை முதலில் பாருங்கள். அங்கே 194 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. 2008இல் அதற்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டினார்கள்: பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை.

பென்ஸ் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது கார்ல் பென்ஸ்தான். காரைக் கண்டுபிடித்தவர் அவர், சரி. ஆனால் அந்தக் கார் வீட்டுக் கொட்டகையைத் தாண்டி ஊரை விட்டு வெளியே போனதற்குக் காரணம் அவருடைய மனைவி.

சீதனத்தில் தொடங்கிய கதை

பெர்த்தா 1849ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். அப்பா தச்சு வேலையிலும் கட்டுமானத்திலும் நன்றாகச் சம்பாதித்தவர். மறுபடியும் பெண் குழந்தைதானா என்ற வருத்தத்தை அவர் குடும்ப பைபிளில் எழுதி வைத்தார் என்றும், சிறுமி பெர்த்தா ஒருநாள் அதைப் படித்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

கார்ல் பென்ஸுக்கு அவரை நிச்சயம் செய்திருந்த சமயம் அது. கார்ல் ஒரு கூட்டாளியுடன் மான்ஹைமில் பட்டறை வைத்திருந்தார். கூட்டாளி நம்பகமானவர் இல்லை; அவரை வெளியேற்றப் பணம் வேண்டும். பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கி, அந்தப் பட்டறையில் போட்டார். 1872 ஜூலையில் திருமணம் நடந்தது. அதோடு அவருடைய கை கட்டப்பட்டுவிட்டது. அன்றைய ஜெர்மன் சட்டப்படி, மணமான பெண்ணின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை கணவருக்குத்தான். போட்ட காசு பெர்த்தாவுடையது. தொழிலோ கணவர் பெயரில்.

அடுத்த சில ஆண்டுகள் கஷ்ட காலம். கடன், பிள்ளைகள், ஓடாத இயந்திரம். 1879 டிசம்பர் 31ஆம் தேதி இரவுதான் கார்லின் இயந்திரம் ஒருவழியாக ஒழுங்காக ஓடியது. 1886 ஜனவரி 29ஆம் தேதி, மூன்று சக்கர மோட்டார் வாகனத்துக்குக் காப்புரிமை கேட்டு அவர் விண்ணப்பித்தார். எண் 37435. அந்தத் தாளில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

வாங்க ஆளில்லை

காப்புரிமை கிடைத்தது, வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. குதிரை இல்லாமல் தடதடவென்று ஓடும் வண்டியைக் கண்டு ஜனங்கள் பயந்தார்கள், சிரித்தார்கள். கார்லும் லேசில் திருப்தி அடைகிற ஆளில்லை. இன்னும் கொஞ்சம் சரி செய்யலாம், இன்னும் கொஞ்சம் என்று பட்டறையிலேயே கிடந்தார். குடும்பப் பணம் முழுக்க அந்த வண்டியில் முடங்கிக் கிடந்தது. நீண்ட தூரம் ஓடும் என்று யாராவது காட்டியாக வேண்டும்.

1888 ஆகஸ்ட் மாதம் ஒருநாள் விடியற்காலை. கார்ல் தூங்கிக்கொண்டிருந்தார். பெர்த்தாவும் 15 வயது ஓய்கனும் 13 வயது ரிச்சர்டும் வண்டியைச் சத்தம் கேட்காத தூரம் வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினார்கள். ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்திருந்தார்கள்.

தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வண்டியின் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான். பாதை குதிரை வண்டிக்கான பாதை. வழிகாட்டிப் பலகை கிடையாது, பெட்ரோல் நிலையம் கிடையாது. தனியாக எரிபொருள் தொட்டியே கிடையாது; கார்புரேட்டரில் நாலரை லிட்டர் கொள்ளும், அவ்வளவுதான்.

அதனால்தான் வீஸ்லோக் என்ற சிற்றூரில் வண்டி ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றது. கறை நீக்க அந்தக் காலத்தில் லிக்ரோயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை மருந்துக்கடைகளில் விற்றார்கள். அதுதான் இந்த வண்டிக்கும் எரிபொருள். இன்று நீங்கள் அந்த ஊருக்குப் போனால், உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்தக் கடையைப் பெருமையாகக் காட்டுவார்கள். வெளியே ஒரு நினைவுச்சின்னமும் இருக்கிறது. ஒரு போட்டோ எடுக்காமல் வராதீர்கள்.

இயந்திரம் சூடேற ஏற, கிணறு, ஓடை என்று கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பி உரசிப் பழுதானது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். சங்கிலி தொய்ந்தபோது ஒரு கொல்லர் கைகொடுத்தார். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இறக்கத்தில் வேறு தலைவலி: மரத்தாலான பிரேக் தேய்ந்து போனது. பவுஷ்லோட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்க வைத்தார். கார் பிரேக்கில் உராய்வுப் பட்டை வந்த கதை இதுதான். தொப்பி ஊசிக் கதையையே எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தத் தோல்தான் பெரிய விஷயம்.

இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வந்தது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று கார்லுக்குத் தந்தி போனது.

சில நாள் கழித்து அதே வண்டியில் வேறு வழியாகத் திரும்பினார்கள். வந்ததும் பெர்த்தா குறைகளைச் சொன்னார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்பது அதில் ஒன்று. கார்ல் அதைச் சேர்த்தார். அடுத்த மாதமே மியூனிக் கண்காட்சியில் அந்த வாகனத்துக்குத் தங்கப் பதக்கம்.

நீங்கள் போனால்

மான்ஹைமில் புறப்படுங்கள். பெர்த்தாவின் முதல் பெரிய ஊர் ஹைடல்பர்க். மேலே தெரிகிற சிவப்புக் கோட்டையைப் பிரெஞ்சுப் படைகள் 1689இலும் 1693இலும் உடைத்தன, 1764இல் மின்னலும் தாக்கியது. பெர்த்தா கடந்து போனபோதே அது இடிபாடுதான். உள்ளே சுமார் 220,000 லிட்டர் கொள்ளும் மதுப்பீப்பாய் ஒன்று இருக்கிறது, பார்க்கத் தவறாதீர்கள். புருக்ஸால் அரண்மனை 1945 குண்டுவீச்சில் நாசமாகி, திரும்பக் கட்டப்பட்டது. ஷ்வெட்சிங்கன் அரண்மனைத் தோட்டத்துக்குள் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மசூதி வடிவக் கட்டடம் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து ஸ்டுட்கார்ட் பக்கம்தான். அங்கே மெர்சிடிஸ்-பென்ஸ் அரும்பொருளகம் இருக்கிறது. அருகில் சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலை. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு அவசியம். கையில் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கடைசி நிறுத்தத்தை லாடன்பர்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். பென்ஸ் தம்பதி பிற்காலத்தில் வாழ்ந்த ஊர் அது. பழைய பென்ஸ் தொழிற்கூடம் இப்போது கார் அரும்பொருளகம். 1929இல் கார்ல் இங்கேதான் காலமானார். பெர்த்தா இன்னும் 15 ஆண்டு வாழ்ந்தார். 95ஆவது பிறந்தநாளன்று, கணவர் படித்த கார்ல்ஸ்ருஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. இரண்டே நாளில், 1944 மே 5ஆம் தேதி, அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஃபோர்ட்ஸ்ஹைம் குண்டுவீச்சில் ஏறக்குறைய அழிந்தே போனது. அவர் பிள்ளைகளோடு வந்து இறங்கிய அந்தப் பழைய நகரத்தை இன்று நீங்கள் பார்க்க முடியாது.

அமெரிக்காவின் வாகனத் துறைப் புகழ் மண்டபத்தில் கார்லின் பெயர் 1984இல் சேர்ந்தது. பெர்த்தாவின் பெயர் சேர்ந்தது 2016இல்.